நம்பகமான காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி தேவையா? முடிவெடுக்கும் முறை, படிப்படியாக

தெரிந்தவர்கள் யாராவது புதுக் கார் எடுக்கும் நாளில் எனக்கு ஒரு போன் வரும். "எக்ஸ்டெண்டட் வாரண்டி போடச் சொல்றாங்க, போடட்டுமா?" பின்னால் ஷோரூம் சத்தம் கேட்கும். எதிரில் ஒருவர் பேனாவை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போனிலேயே தெரியும். காரோடு வரும் அடிப்படை வாரண்டி முடிந்த பிறகும் பாதுகாப்பு தொடர, தனியாகப் பணம் கட்டி வாங்கும் கூடுதல் வாரண்டிதான் எக்ஸ்டெண்டட் வாரண்டி. இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. அந்தப் போனில் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

இது சொந்த உபயோகத்துக்கான காரைப் பற்றியது. அதிலும், அடிக்கடி பழுதாகாது என்று பெயர் எடுத்த கார். அடிக்கடி ஒர்க் ஷாப்புக்குப் போகும் வண்டியென்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடலாம். நல்ல வண்டிக்குத்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

காரின் இன்வாய்ஸ், காரோடு வந்த வாரண்டி கையேடு, இதுவரை செய்த சர்வீஸ் பில்கள், இன்றைய ஓடோமீட்டர் கணக்கு, அப்புறம் கூடுதல் வாரண்டியின் முழு நிபந்தனைத் தாள்.

கடைசியாகச் சொன்னதுதான் எளிதில் கிடைக்காது. ஷோரூமில் வழவழப்பான வண்ணப் பிரசுரம் ஒன்றைத் தருவார்கள். அதில் என்னென்ன கிடைக்கும் என்று இருக்கும். என்னென்ன கிடைக்காது என்பது நிபந்தனைத் தாளில்தான் இருக்கும். "டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ் பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அது வரும் வரை பணம் கொடுக்க வேண்டாம்.

1. டெலிவரி நாளில் முடிவெடுக்காதீர்கள்

புதுக் காரின் கொட்டேஷனில் எக்ஸ் ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், ஆக்சசரீஸ் என்று வரிசையாக வரும். நடுவில் 'ஈ.டபிள்யூ.' என்று சுருக்கமாக ஒரு வரி இருக்கும். அதுதான் எக்ஸ்டெண்டட் வாரண்டி. கட்டாயம் இல்லை. கொட்டேஷனில் அச்சாகிவிட்டதாலேயே அதையும் வரி மாதிரி நினைத்துக் கட்டிவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டுப் புதுக் கொட்டேஷன் கேளுங்கள்.

தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் எளிது. வண்டியைப் பற்றி உங்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. மாதம் எவ்வளவு ஓட்டுவீர்கள், அந்த மாடலில் எது படுத்துகிறது, வண்டி பிடிக்கிறதா என்பதெல்லாம் இரண்டு வருடத்தில் தானாகத் தெரிந்துவிடும். பெரும்பாலான நிறுவனங்கள் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்க விடுகின்றன.

தாமதித்தால் விலை ஏறும் என்பது உண்மைதான். எவ்வளவு ஏறும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்: இன்று வாங்கினால் எவ்வளவு, ஒரு வருடம் கழித்து எவ்வளவு, கடைசி மாதத்தில் எவ்வளவு. அந்த வித்தியாசம்தான் நீங்கள் பொறுத்திருப்பதற்குத் தரும் விலை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. இந்தத் தொகையைக் கார் லோனில் சேர்த்துவிடுவார்கள். ₹18,000 வாரண்டி என்று வையுங்கள். 9% வட்டியில் 7 வருட லோனில் சேர்த்தால் மாதம் சுமார் ₹290, மொத்தம் ஏறக்குறைய ₹24,300. மூன்று வருடம் கழித்து ஆரம்பிக்கப்போகும் ஒரு பாதுகாப்புக்கு முதல் மாதத்திலிருந்தே வட்டி கட்டுகிறீர்கள்.

2. ஏற்கெனவே உங்களிடம் இருப்பதை எழுதுங்கள்

இதை ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. கையேட்டைப் பார்த்து எழுத வேண்டும், ஏனென்றால் நிறுவனங்கள் இதை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மாருதி சுசூகி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 2 வருடம் அல்லது 40,000 கி.மீ. என்பதிலிருந்து 3 வருடம் அல்லது 1,00,000 கி.மீ. என்று உயர்த்தியது. அதற்கு முன் டெலிவரி எடுத்தவருக்குப் பழைய கணக்குதான். "மாருதிக்கு மூன்று வருஷம் வாரண்டி" என்று யாரோ சொன்னதை நம்பி, தன் வண்டிக்கு அது முடிந்து பல மாதம் ஆனது தெரியாமல் இருந்தவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

'வருடம் அல்லது கி.மீ., எது முந்துகிறதோ அது' என்ற வரியைக் கோடு போட்டு வையுங்கள். அடுத்த படிக்கு அதுதான் அடிப்படை. ஹோண்டா போல கி.மீ. வரம்பே இல்லாமல் 3 வருடம் தருபவர்களும் உண்டு.

அப்புறம், தனியாக வேறு வாரண்டி உள்ள பாகங்கள். டொயோட்டா இந்தியாவில் தன் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. தருகிறது. "ஹைபிரிட் பேட்டரி போனால் லட்சக்கணக்கில் ஆகுமே" என்ற பயத்தில் மட்டும் கூடுதல் வாரண்டி வாங்குபவர், ஏற்கெனவே இருப்பதை இன்னொரு முறை வாங்குகிறார். டயருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் வாரண்டி தனி.

ரீகால் (தயாரிப்புக் குறைக்காக நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) வந்தால் அந்தப் பழுதை நிறுவனம் இலவசமாகச் சரிசெய்யும். அதற்கு வாரண்டி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டால் உங்கள் வண்டிக்கு ரீகால் இருக்கிறதா என்று தெரியும்.

3. கிலோமீட்டரை மாதமாக மாற்றுங்கள்

ஓடோமீட்டர் கணக்கை, வண்டி வாங்கி எத்தனை மாதம் ஆனதோ அதால் வகுங்கள். வருவதுதான் உங்கள் மாத ஓட்டம். மனதில் நினைத்திருப்பதற்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது.

ஒருவர் சென்னை – காஞ்சிபுரம் தினமும் வேலைக்குப் போய் வருகிறார், மாதம் 3,000 கி.மீ. அடிப்படை வாரண்டி 3 வருடம் அல்லது 1,00,000 கி.மீ. அவருக்கு 34வது மாதத்திலேயே ஒரு லட்சம் தாண்டிவிடும். கூடுதல் வாரண்டி 5 வருடம் அல்லது 1,40,000 கி.மீ. வரை என்றால், 47வது மாதத்தில் அதுவும் முடிந்துவிடும். இரண்டு வருடத்துக்கான பணத்தைக் கட்டி அவர் அனுபவிப்பது 13 மாதம் சொச்சம். பிரசுரத்தில் பெரிய எழுத்தில் '5 வருடம்' என்று இருந்ததால் அவருக்கு இது உறைக்கவில்லை.

மாதம் 500 கி.மீ. ஓட்டுபவருக்கு முழு இரண்டு வருடமும் கிடைக்கும். ஆனால் 5 வருட முடிவில்கூட அவர் வண்டி 30,000 கி.மீ.தான் ஓடியிருக்கும். ஒழுங்கான ஒரு பெட்ரோல் எஞ்சினுக்கு அது ஒன்றுமே இல்லை. அவருக்கு எஞ்சின், கியர்பாக்ஸைவிட, வெயிலில் நின்று நின்று வயதாகும் எலக்ட்ரானிக் பாகங்கள்தான் கவலை.

இரண்டு பக்கமும் சேராமல் மாதம் 1,200 முதல் 2,000 வரை ஓட்டுபவர்களுக்குத்தான் இந்த வாரண்டியின் நாளும் கிலோமீட்டரும் ஓரளவு வீணாகாமல் பொருந்தும்.

4. எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்?

மூன்று, மூன்றரை வருடத்தில் மாற்றுகிறவர் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், வாங்க வேண்டாம். மீதி வாரண்டி அடுத்த உரிமையாளருக்குப் போகும், அதனால் விற்கும்போது விலை ஏறும் என்பார்கள். போகும்தான், பெயர் மாற்றிப் பதிவு செய்தால். ஆனால் கட்டிய பணம் முழுவதையும் எந்த வியாபாரியும் விலையில் சேர்த்துத் தரமாட்டார்.

5. விதிவிலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள்

நிபந்தனைத் தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்வேன். எதெல்லாம் சேராது என்று தெரிந்த பிறகுதான் சேர்வதன் மதிப்பு புரியும்.

தேய்மானப் பாகங்கள் எதிலும் சேராது: பிரேக் பேட், வைப்பர், பல்பு, ஃபில்டர், ஆயில், டயர். கிளட்ச் பிளேட்டும் அப்படித்தான். ஏ.எம்.டி. கார் வைத்திருப்பவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். ஏ.எம்.டி. என்பது மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்சை நமக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற கருவி இயக்குவது. டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து தேய்வது அதே பழைய கிளட்ச் பிளேட்தான். ஆக்சுவேட்டர் போனால் வாரண்டியில் கேட்கலாம், பிளேட் தேய்ந்தால் கேட்க முடியாது. இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கிளட்ச் தொகுப்பு சேருமா என்று பெயர் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

சஸ்பென்ஷன் புஷ், ரப்பர் பாகங்கள், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி. நம் ஊர் ரோட்டில் முதலில் சத்தம் போடுவது இவைதான் என்பதால் தேடிப் பாருங்கள்.

எலி கடித்த வயரிங் சேராது. வெளியில் போட்ட ஸ்டீரியோ, ஹாரன், லைட்டுக்காக வயரை வெட்டி ஒட்டியிருந்தால், அந்தச் சுற்றில் வரும் எந்த மின் பழுதையும் அதன் தலையில் கட்டிவிடுவார்கள். வெளியில் சி.என்.ஜி. கிட் மாட்டினாலும் சிக்கல். ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினாலும் செல்லாது.

வாரண்டியையும் இன்சூரன்ஸையும் குழப்பிக்கொள்வது சென்னையில் அதிகம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற கார்களில் எஞ்சின் போனவர்கள் பலர் வாரண்டி கையேட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போனது வாரண்டியில் வராது. அதற்கு இன்சூரன்ஸில் எஞ்சின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் அப்படித்தான்: சாதாரண கார் இன்சூரன்ஸ் விபத்துச் சேதத்துக்குத் தரும், தானாக ஏற்படும் இயந்திர, மின் பழுதுக்குத் தராது. அந்த இடைவெளிக்குத்தான் கூடுதல் வாரண்டி. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

படித்து முடித்ததும் மூன்று கேள்விகள் மிச்சமிருக்கும். பிரித்துப் பார்த்த பிறகு 'இது சேராது' என்றால், பிரித்த கூலி யாருடையது? பாகத்தை இலவசமாக மாற்றும்போது ஊற்றும் ஆயில், கூலன்ட், ஏ.சி. கேஸ் யார் கணக்கு? ஒரு கிளெய்முக்கோ மொத்தத்துக்கோ உச்சவரம்பு உண்டா? இவற்றைச் சேல்ஸ்காரரிடம் கேட்டுப் பயனில்லை, சர்வீஸ் பக்கம் கேளுங்கள்.

6. உங்கள் மாடலில் எது கெடுகிறது என்று கண்டுபிடியுங்கள்

'நம்பகமான கார்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் எஞ்சினைப் பற்றி. பத்து வருடத்துக்கு முந்தைய மாடலைப் பற்றியும்கூட. அதே பெயரில் இன்று வரும் வண்டியில் பெரிய டச் ஸ்கிரீன், 360 டிகிரி கேமரா, டர்போ, சன்ரூஃப் எல்லாம் இருக்கும். எங்கள் மாமா 12 வருடம் ஓட்டிய காரின் நற்பெயர் அந்த டச் ஸ்கிரீனுக்குத் தானாக வந்துவிடாது.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது: சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, உதிரிபாகக் கவுன்டரில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுப்பேன். "இந்த மாடலுக்கு எதெல்லாம் எப்பவும் ஸ்டாக் வெச்சிருப்பீங்க, எதுக்கு ஆர்டர் போடணும்?" அவ்வளவுதான் கேள்வி. ஒரு தடவை அவர் கம்ப்யூட்டரைக்கூடப் பார்க்காமல் விரலை மடக்கினார்: "பிரேக் பேட், ஃபில்டர் இருக்கும். டோர் லாக் மோட்டார் நாலு இருக்கும். ஸ்டியரிங் காலம் அசெம்பிளி ஒண்ணு எப்பவும் வெச்சிருப்போம்." ஏ.சி. கம்ப்ரஸர்? "அது ஆர்டர்தான் சார், யாரும் கேக்கறதில்ல." அலமாரியில் இருப்பது அடிக்கடி போவது, ஆர்டர் போட வேண்டியது எப்போதாவது போவது. எந்த விமர்சனத்திலும் இவ்வளவு தெளிவாக எனக்குத் தெரிந்துகொள்ளக் கிடைத்ததில்லை.

வெளி மெக்கானிக் ஒருவரிடமும் கேளுங்கள். வாரண்டி முடிந்த வண்டிகள் அவரிடம்தான் வருகின்றன, அதனால் நாலாவது, ஐந்தாவது வருடத்துக் கதை அவருக்குத்தான் தெரியும்.

பிறகு ஐந்தாறு விலையுயர்ந்த பாகங்களின் பெயரை எழுதி, எதிரில் விலையை எழுதுங்கள்: ஏ.சி. கம்ப்ரஸர், எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், ஆல்டர்னேட்டர், எஞ்சின் கன்ட்ரோல் யூனிட், டச் ஸ்கிரீன், உங்கள் வண்டியில் இருந்தால் டர்போ, கியர்பாக்ஸின் மின் இயக்கப் பகுதி. பாக எண் தெரிந்தால் பல நிறுவனங்களின் பாகங்களுக்கு எம்.ஆர்.பி.யை இணையத்திலேயே பார்க்கலாம். இல்லையென்றால் அதே கவுன்டரில் கேளுங்கள். கூலியையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொரு துப்பு, வாரண்டியின் விலையிலேயே இருக்கிறது. உங்கள் மாடலின் மேனுவல், ஆட்டோமேட்டிக் இரண்டுக்கும் விலை கேளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், எதில் செலவு வரும் என்று நிறுவனமே கணித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

7. வாரண்டியின் உண்மையான விலையைக் கணக்கிடுங்கள்

சொன்ன விலையில் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வாயால் சொல்லும் விலையில் சில நேரம் இருக்காது.

அடுத்து, யாரும் பில்லில் காட்டாத செலவு. கூடுதல் வாரண்டி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சர்வீஸையும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே, உரிய நேரத்தில் செய்ய வேண்டும். வாரண்டி இல்லையென்றால் நாலாவது வருடத்திலிருந்து நம்பிக்கையான வெளி மெக்கானிக்கிடம் போயிருப்பீர்கள். வருடத்துக்கு ஒரு சர்வீஸ், அதில் ₹3,500 மிச்சம் என்று வைத்தால், இரண்டு வருடத்தில் ₹7,000. அதையும் சேர்த்தால் ₹18,000 வாரண்டியின் உண்மையான விலை ₹25,000. எப்படியும் கம்பெனி சர்வீஸ்தான் என்று இருப்பவர் இதைச் சேர்க்க வேண்டாம்.

8. வகுத்துப் பாருங்கள்

உண்மையான விலையை, நீங்கள் பயப்படும் பெரிய பில்லால் வகுங்கள். சேர்ந்து வரக்கூடியது என்று நினைத்தால் இரண்டு மூன்று பில்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

சாதாரண மேனுவல் பெட்ரோல் ஹேட்ச்பேக். உண்மையான விலை ₹25,000. பயப்படும் பில் ₹45,000 என்று வையுங்கள். வகுத்தால் 56% வருகிறது. அதாவது உங்களைப் போன்ற 100 பேரில் 56 பேருக்கு நாலாவது, ஐந்தாவது வருடத்தில் அந்தப் பில் வந்தால்தான் போட்ட காசு சரியாகும். கவுன்டரில் 'யாரும் கேக்கறதில்ல' என்ற பாகத்துக்கு இது நடக்குமா? நடக்காது. வேண்டாம் என்று முடிக்கலாம்.

இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், டர்போ உள்ள ஒரு வண்டி. வாரண்டி ₹32,000, சர்வீஸ் வித்தியாசத்தோடு ₹39,000. கியர்பாக்ஸ் பில் ₹1,50,000 என்றால் 26%. நாலில் ஒன்று. நல்ல பெயர் எடுத்த வண்டியில் இதுவும் அதிகம்தான். ஆச்சரியமில்லை, கிளெய்ம்களுக்குப் போவது போக, நிர்வாகச் செலவு, டீலர் கமிஷன், லாபம் எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. சராசரியாகப் பார்த்தால் வாங்குபவருக்கு எப்போதும் கொஞ்சம் நஷ்டம்.

அப்படியானால் யாருமே வாங்கக் கூடாதா? இங்கேதான் கணக்கை மூடி வைத்துவிட்டு வீட்டு நிலைமையைப் பார்க்க வேண்டும். அடுத்த மாதம் ₹1,50,000 பில் வந்தால் என்ன செய்வீர்கள்? சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மறந்துவிடுவீர்கள் என்றால் வாரண்டி வேண்டாம். நகையை வைக்க வேண்டும், பிள்ளையின் ஃபீஸில் கை வைக்க வேண்டும் என்றால், சராசரிக் கணக்கில் நஷ்டமானாலும் வாங்குங்கள். வண்டி கெடுமா கெடாதா என்பதைவிட இந்தக் கேள்விதான் முக்கியம். நம்பகமான வண்டியிலும் அந்தப் பில் வரும் ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் கார் மேனுவல் பெட்ரோல். டெலிவரி நாளிலேயே கூடுதல் வாரண்டி போட்டேன். இரண்டு வருடத்தில் கிளெய்ம் செய்தது ஒரே ஒரு டோர் லாக் மோட்டார், ₹2,200. மச்சான் அதே சமயம் ஆட்டோமேட்டிக் எடுத்தார், அவரும் போட்டார். 71,000 கி.மீ.யில் கியர்பாக்ஸ் போனது, செலவு வாரண்டியில் போயிற்று. இன்றுவரை கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

9. தருபவர் யார் என்று பாருங்கள்

ஒரே மேசையில் மூன்று விதமான தாள்கள் விற்கப்படலாம்: கார் நிறுவனம் தருவது, டீலர் தன் பெயரில் தருவது, மூன்றாவது நிறுவனம் ஒன்று தருவது. சர்ட்டிஃபிகேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

நிறுவனம் தருவது மட்டும்தான் நாட்டில் எந்த ஊரிலும் அவர்களுடைய சர்வீஸ் சென்டரில் செல்லும் என்று நம்பிப் போகலாம். திருநெல்வேலியில் வண்டி நின்றால் சென்னை டீலரின் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவது நிறுவனமென்றால் முன் அனுமதி, முதலில் நாம் கட்டிப் பிறகு வாங்குவது, உச்சவரம்பு என்று சுற்றுவேலை அதிகம். நம்பகமான காருக்கு அந்தத் தலைவலி தேவையில்லை. நிறுவனத்தினுடையது கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

10. அடிப்படை வாரண்டி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது முழுப் பரிசோதனை

வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்தப் படியை விடாதீர்கள். 3 வருடம் அல்லது 1,00,000 கி.மீ. வாரண்டி என்றால் 34வது மாதம், அல்லது 95,000 கி.மீ. கேலண்டரில் இன்றே குறியுங்கள்.

வெளி மெக்கானிக் ஒருவருக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து, லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் கசிவு, ஸ்டியரிங்கில் டக் டக் சத்தம், ஏ.சி. குளிர்ச்சி, பவர் விண்டோ, கேமரா, எல்லா ஸ்விட்சும். அந்தப் பட்டியலோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், ஒவ்வொன்றையும் ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது புகார்களையும் வேலைகளையும் எழுதும் தாள்) எழுத வையுங்கள். வாயால் சொன்ன புகார் கணக்கில் வராது. "இதெல்லாம் நார்மல் சார்" என்றாலும் எழுதச் சொல்லுங்கள்; வாரண்டிக்குள் புகார் பதிவான பழுது பின்னால் பெரிதானால், அந்த ஜாப் கார்டுதான் உங்களுக்காகப் பேசும்.

பரிசோதனையில் எதுவும் வராவிட்டால் அது வாங்க வேண்டாம் என்ற பக்கத்துக்குக் கூடுதல் பலம். கூடுதல் வாரண்டிக்கான கடைசித் தேதியும் இதே சமயம்தான் வரும், ஆகவே முடிவைப் பரிசோதனை நடக்கும் அந்த வாரத்திலேயே எடுங்கள்.

11. வாங்கினால்: பணம் கட்டிய பிறகு செய்ய வேண்டியது

ரசீது மட்டும் போதாது, சர்ட்டிஃபிகேட் வேண்டும். அதில் 17 எழுத்து சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். தொடங்கும், முடியும் தேதியும் கி.மீ.யும் சரியா என்று பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து, வாங்கிய இடத்துக்கு இல்லாமல் வேறொரு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, வண்டி எண்ணைச் சொல்லி, "ஈ.டபிள்யூ. சிஸ்டத்தில் காட்டுகிறதா?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிக் கேட்டபோது "இல்லையே" என்றார்கள். பணம் கட்டிய டீலர் நிறுவனத்திடம் பதிவே செய்யவில்லை. அன்றே போய்ச் சரிசெய்துகொண்டார். இரண்டு வருடம் கழித்துத் தெரிந்திருந்தால் அலைச்சல்தான்.

சர்வீஸைத் தவறவிடாதீர்கள். மச்சானின் கியர்பாக்ஸ் கிளெய்மை முதலில் மறுத்தார்கள், ஒரு சர்வீஸ் மூன்று மாதம் தாமதம் என்று. அதற்கு முந்தைய, பிந்தைய சர்வீஸ் பில்கள் எல்லாம் அவரிடம் இருந்ததால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதி, மூன்று வாரம் கழித்து ஒத்துக்கொள்ள வைத்தார். சிரிக்கும்போது இந்தப் பகுதியை மட்டும் அவர் சொல்வதில்லை.

வார்னிங் லைட் எரிந்தால் வண்டியை ஓரம் கட்டி, டேஷ்போர்டைப் போட்டோ எடுத்துவிட்டு போன் செய்யுங்கள். "வீடு பக்கம்தானே" என்று ஓட்டிக்கொண்டு போனால், அலட்சியம் என்று எழுதி மறுக்க வழி கிடைத்துவிடும். நியாயமான கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் பதிவு செய்தபின் பல நேரம் பேச்சின் தொனியே மாறும்.

12. வாங்காவிட்டால்: அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்

"வாரண்டி வேண்டாம், மிச்சம்" என்று சொல்லிவிட்டு அதே ₹18,000-க்கு அலாய் வீல் போட்டால், நீங்கள் எடுத்த முடிவுக்கு அர்த்தமில்லை. கார் வாங்கும்போதே அதை ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டால், 6.5% வட்டியில் மூன்று வருடத்தில் சுமார் ₹21,800 ஆகியிருக்கும். வரி தனி. கையில் மொத்தமாக இல்லையென்றால் மாதம் ₹750 ஆர்.டி., 24 மாதத்தில் அசலே ₹18,000.

இந்தப் பணத்தில் டயர், பேட்டரி, சர்வீஸ் செலவைத் தொடாதீர்கள், அவை எப்படியும் வரும். ஏ.சி. கம்ப்ரஸர், ஸ்டியரிங் மாதிரி ஏதாவது போனால் மட்டும் எடுங்கள். எடுக்க வேண்டி வந்தால், கம்பெனி கொட்டேஷனோடு வெளி மெக்கானிக்கின் விலையையும் வாங்குங்கள். வாரண்டி இல்லாதவருக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது. பாகத்தை மாற்றாமல் பழுது பார்த்தே ஓட்ட முடியுமா என்று கேட்கவும் செய்யலாம். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவற்றில் பல நேரம் முடியும். ஐந்தாம் வருட முடிவில் பணம் அப்படியே இருந்தால், அடுத்த காரின் முன்பணத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.